அந்தச் சராசரி வீடு எங்கே?

ஆய்வு மாணவி, திருநெல்வேலி: எங்கள் தெருவின் குடும்ப வருமானத்துக்குச் சராசரி போட்டேன். எல்லாரும் வசதியானவர்கள் போலத் தெரிகிறது. எங்கே தப்பு?

கூட்டலில் தப்பில்லை. ஒன்பது வீட்டில் மாதம் 10,000 ரூபாய், பத்தாவது வீட்டு ரைஸ்மில்காரருக்கு 5 லட்சம் என்றால் சராசரி 59,000. அவ்வளவு சம்பாதிக்கும் வீடு அங்கே ஒன்றுகூட இல்லையே! வருமானங்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுங்கள். அந்த இடைநிலை அளவு 10,000 என்று உள்ளதைச் சொல்லிவிடும்.

கல்லூரி ஆசிரியர், ஈரோடு: நிறையப் பேரைக் கேட்டால் முடிவு சரியாக வருமல்லவா?

யாரைக் கேட்டீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு, யாருக்கு ஓட்டு என்று கேட்டுச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. வேட்பாளர் லேண்டன்தான் ஜெயிப்பார் என்று பத்திரிகை எழுதியது. அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் புத்தகத்திலும் கார் பதிவேட்டிலும் எடுத்திருந்தார்கள். அந்தப் பொருளாதார மந்தகாலத்தில் டெலிபோனும் காரும் யார் வீட்டில் இருக்கும்? பதில் போட்டவர்களும் நாலில் ஒரு பங்குதான். மிகச் சிறிய மாதிரியை வைத்தே கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார்.

வாசகர், தஞ்சாவூர்: பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்துவிட்டது. என் கருதுகோள் நிரூபணமாகிவிட்டதா?

இல்லை. ஒப்பிடும் குழுக்களுக்கிடையே உண்மையில் வித்தியாசமே இல்லை என்றால், இந்த அளவோ இதைவிட அதிகமாகவோ வித்தியாசம் தற்செயலாய் வர 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. அது சொல்வது அவ்வளவுதான். வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

முதுகலை மாணவி, மதுரை: நேர்காணல்களை வைத்துக்கொண்டு விழிக்கிறேன். 'எண் இருந்தால்தான் ஆய்வு' என்கிறார் வழிகாட்டி.

அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2023-ல் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை பற்றிக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அம்மா, "பிள்ளைக்கு மாத்திரை வாங்க அவரு கையை எதிர்பாக்க வேண்டியதில்ல" என்கிறார். ஓரத்தில் 'மருத்துவச் செலவு' என்று மட்டும் குறித்தால், அவர் சொன்னதில் பாதி போய்விடும். 'கணவரிடம் கேட்கத் தேவையில்லை' என்றும் குறியுங்கள். பேசியதைப் பேசியபடியே எழுதி, திரும்பத் திரும்பப் படித்து, ஒத்த குறிப்புகளைச் சேர்த்தால் கருப்பொருள்கள் தெரியவரும். சில பக்கங்களைத் தோழி ஒருவரிடம் கொடுத்துத் தனியாகக் குறிக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொரு பெண், "வந்த அன்னைக்கே அவரு வாங்கிக்கிட்டாரு" என்றால் விதிவிலக்கு என்று ஒதுக்காதீர்கள். அப்படி எத்தனை வீடு என்று அறிய அடுத்து ஒரு கணக்கெடுப்பு நடத்தலாம். அதில் கேட்க வேண்டிய கேள்வியை அவரே கொடுத்துவிட்டார்.