பேஸ் கிட்டார்ப் படலம்: நொச்சிக்குப்பச் சூத்திரமும் உரையும்

கழுத்தொடு காந்தம் ஆய்ந்தனர் கொளினும்
உப்பும் கரண்டும் ஒப்பின் அல்லது
பேசா தென்ப பேஸெனும் கருவி.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், சென்னை மெரினா லூப் சாலையோரம் மீனவர் வாழும் நொச்சிக்குப்பத்தில், ஆடி மாதம் கூழ் வார்க்கும் விழாவுக்கு மேடையேறும் லைட் மியூசிக் குழு எத்தகைய பேஸ் கிட்டார் வாங்கத்தகும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. நூற்பா செய்தவரும் உரை வரைபவரும் ஒருவரே. ஆதலால் பாடபேதம் இல்லை; உரையாசிரியர் மூலநூலாரை மறுக்கும் வழக்கமான காட்சியும் இங்கே கிடைக்காது.

'கழுத்து' என்றது நெக்கை. அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸையும் 1960-இல் ஜாஸ் பேஸையும் கொண்டுவந்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இலக்கண ஆசிரியர் கவிதை எழுதவேண்டும் என்று நாமும் கேட்பதில்லை. இரண்டிலும் கம்பியின் நீளம் 34 அங்குலம். தலைமாட்டில் மட்டும் முன்னதன் தொடக்ககாலக் கழுத்து 44.5 மில்லிமீட்டர் அகலம், பின்னது 38. இந்த ஆறரை மில்லிமீட்டரில்தான் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. முதுகுப்புற வளைவு சி-யா, யு-வா, வி-யா என்பது உட்கட்சிப் பூசல்.

'வலை இழுத்த கைக்கு அகலக் கழுத்தே தகும்' என்பாரும் உளர். அவர் வலை இழுப்பதைப் பார்த்தாரேயன்றி வலை பழுது பார்ப்பதைப் பார்த்தாரில்லை. கிழிந்த நைலான் கண்ணியை ஊசிகொண்டு முடிச்சுப்போடும் விரல் எத்தனை மெல்லிய வேலை செய்கிறது என்பதைக் கரையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் காணலாம். ஆகவே குப்பத்துக் கைக்கு 38 மில்லிமீட்டரே இயல்பு என்பது நம் துணிபு. மாற்றுக் கருத்துடையோர் முதலில் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டுக.

'உப்பு' என்றது கடற்காற்றை. நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 80 கிலோ விசையில் இழுக்கின்றன. ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்தால் வளைவு மாறும். உள்ளே ஓடும் எஃகுக் கம்பியை அல்லன் கீயால் திருகித்தான் நிமிர்த்தவேண்டும். கடையில் தடவிப் பார்த்துத் தேர்ந்த கழுத்து கார்த்திகையில் வேறொரு கழுத்து. கம்பியும் துருப்பிடிக்கும். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பி அறுந்தாலன்றி மாற்றமாட்டார் என்பர். அவர் ஆண்டுக்கணக்கில் தேடிய மங்கல் ஓசையை லூப் சாலை சில வாரங்களிலேயே தந்துவிடும்.

இனி 'காந்தம்', அதாவது பிக்கப். பிரிட்ஜுக்கு அருகில் இருந்தால் ஓசை இறுகி மூக்கால் பேசும்; கழுத்துப் பக்கம் நகர்ந்தால் தடித்து உருளும். காரணம் கணக்கே. பிரிட்ஜிலிருந்து கம்பி நீளத்தின் கால்பங்கில் பிக்கப்பை வைத்தால் நான்காம் மேற்சுரம் (ஹார்மோனிக்) அதன் காதில் விழாது. அவ்விடத்தில் அந்த அதிர்வு அசையாது நிற்கும். ஆனால் ஐந்தாம் ஃபிரெட்டை அழுத்தியதும் கம்பி முக்கால் நீளமாகிறது. கால்பங்கு மூன்றிலொரு பங்காகிறது. இப்போது மூன்றாம் மேற்சுரம் காணாமற்போகிறது. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் இரட்டைப்படை மேற்சுரங்கள் அத்தனையும் போயின. வாசிக்க வாசிக்க இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு இடம் குறிக்கும் சாத்திரம் இது.

எழுபதுகளில் ஜாஸ் பேஸின் பின் பிக்கப் ஒரு சென்டிமீட்டர் போலப் பிரிட்ஜ் பக்கம் நகர்ந்தது. ரசிகர்கள் இன்றும் அதைப் பற்றிச் சண்டையிடுகிறார்கள். இதைக் கேட்டு நொச்சிக்குப்பத்தார் சிரிக்கமாட்டார்கள். 2023 ஏப்ரலில் லூப் சாலை மீன்கடைகளை அகற்றியபோது போராடியவர்கள் அவர்கள். 2024-இல் நவீன மீன்சந்தை திறந்த பிறகும், எந்த இடத்தில் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் கண்ணில் படும் என்பது அவர்களுக்கு வாழ்வுக் கணக்கு.

பிக்கப் இடத்தை உண்மையில் முடிவு செய்பவர் சவுண்ட் சர்வீஸ்காரர். அவர் பெரிய பாக்ஸ் அடுக்கினால் கழுத்துப்பக்கப் பிக்கப் நெஞ்சை உலுக்கும். தென்னை மரத்தில் கோன் ஸ்பீக்கர் கட்டினால் கதை வேறு. பேஸின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ்; கோனோ 200-க்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஆயினும் மேற்சுரங்கள் தெளிவாக வந்தால், இல்லாத அடிச்சுரத்தைக் காதே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஆகவே கோனுக்குப் பிரிட்ஜ் பிக்கப். டோலக்கின் இடப்பக்கம் ஏற்கெனவே கீழ்த்தளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் கானாப் பாட்டுக்கும் இதுவே நன்று. இளையராஜாவுக்குச் சசிதரனும், ரஹ்மானுக்குக் கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸை அப்படியே கேட்பவர்கள், அது குளிரூட்டிய ஸ்டுடியோவில் பிறந்தது என்பதை நினைக்க.

எஞ்சியது 'கரண்டு'. எர்த் சரியில்லாத தற்காலிக இணைப்பில், சீரியல் பல்புகளுக்கு நடுவே, ஒற்றைச் சுருள் பிக்கப் உறுமும். ஃபெண்டர் 1957-இல் பிரிசிஷனின் சுருளை இரண்டாக வெட்டி எதிரெதிராக இணைத்து இவ்வுறுமலைக் கொன்றார். கொல்லுமுன் அதன் சுருதியைச் சோதித்திருக்கலாம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்: ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நட்டநடுவே நிற்கும் அநாதை. நம் மின்வாரியமோ 50. பேஸின் கீழ் ஜி சுரம் 49. வெறும் 35 சென்ட், அரைச்சுரத்துக்கும் குறைவான ஏற்றம். இதைவிட அதிகம் விலகிப் பாடியவர்களுக்கு நாம் பொன்னாடை போர்த்தியிருக்கிறோம்.

ஜி சுருதியில் பாடுவோர்க்கு அந்த 35 சென்டும் உறுத்துமெனில் என் செய்வது? கீபோர்டையும் பேஸையும் 35 சென்ட் ஏற்றலாம், டோலக்காரர் முணுமுணுப்பார். எளிய வழி ஜெனரேட்டர். பாரம் ஏறி அது இரண்டு சதவீதம் தளர்ந்தால் சரியாக 49 ஹெர்ட்ஸ், பிசகற்ற ஜி. எனவே ஒற்றைச் சுருள் பேஸ் வாங்குவோர் ஜெனரேட்டர் வாடகையையும் டீசலையும் விலையோடு சேர்த்தே பேரம் பேசுக.