ஒற்று அண்ணாச்சி

கல்யாணப் பத்திரிகை கொடுக்க அவர் வீட்டுக்குப் போகிறவர்கள் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு ஒரு சிவப்புப் பேனாவையும் வைத்துவிடுவது நல்லது. அவர் எழுந்து உள்ளே போய்த் தேடுகிற நேரமாவது மிச்சம்.

மகளுக்கு வரன் அமைந்த கதையை நாம் சொல்லிக்கொண்டிருப்போம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை என்பதுவரை வந்திருப்போம். ஒற்று அண்ணாச்சி முகூர்த்த நேரத்தைப் பார்க்க மாட்டார், மண்டபத்தைப் பார்க்க மாட்டார், மாப்பிள்ளை யார் பேரன் என்று பார்க்க மாட்டார். நெற்றி சுருங்கும். ‘சுபமுகூர்த்த பத்திரிகை’. நடுவில் ‘ப்’ எங்கே? ஒரு சிவப்பு. ‘பெரியோர்களால்’. பெரியோர் என்றாலே பலர்தானே, அதன் தலையில் எதற்கு ஒரு ‘கள்’? இன்னொரு சிவப்பு. ‘நிச்சயித்தப்படி’.

“பாருங்க தம்பி, போட வேண்டிய எடத்துல ‘ப்’ போடல. வேண்டாத எடத்துல கொண்டாந்து வச்சிருக்கான்.”

மேலே காணாமல்போன ‘ப்’ கீழே அகப்பட்டுவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரியும். காபியோடு வந்து நிற்கும் மதினிக்கு நம்மைப் பார்க்கவே பாவமாக இருக்கும். “மொதல்ல பிள்ளைக நல்லாருக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்பார்.

“சொல்லாமலா? வாழ்த்துகள் தம்பி. நடுவுல ‘க்’ கெடையாது, கவனிச்சீங்களா?”

கடைசியில் ரத்தக்களரியான அந்தப் பத்திரிகையை நம் கையிலேயே திருப்பித் தந்துவிடுவார். அச்சகத்தில் காட்ட வேண்டுமாம். சிவகாசியில் ஆயிரம் அடித்து, முக்கால்வாசி கொடுத்தும் முடித்த பத்திரிகை! கல்யாணத்துக்கு அவர் வருவதும் இல்லை. தேதியும் மண்டபமும் இருந்த தாளைத்தான் நம்மிடமே கொடுத்துவிட்டாரே.

ஆள் தமிழாசிரியர் என்று நினைத்துவிட வேண்டாம். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அசல் தமிழாசிரியர்கள் சாதுக்கள். காலமெல்லாம் விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இனிச் சம்பளமில்லாமல் ஒரு சந்திப்பிழையைத் துரத்தத் தெம்பு ஏது? அண்ணாச்சிக்கு வீட்டில் பேச்சு தெலுங்கு. ராஜபாளையத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. பேரனைத் தெலுங்கில் கொஞ்சிவிட்டு, வாசற்படி தாண்டியதும் பவணந்தி முனிவராகிவிடுவார். பழையது கழிவதும் புதியது வருவதும் காலத்தின் போக்கு, குற்றமில்லை என்று அந்த முனிவரே நன்னூலின் கடைசிச் சூத்திரத்தில், 462ஆவதில், சொல்லி முடித்திருக்கிறார். அண்ணாச்சி வைத்திருக்கும் பிரதியில் அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றிருக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அவரோடு போகவே கூடாது. முதலில் ‘ஸ்ரீ’ வடமொழி, திருவில்லிபுத்தூர் என்று சொல் என்பார். பிறகு பால்கோவாக் கடை. பாலும் கடலும் சேர்ந்தால் பாற்கடல், பாலும் குடமும் சேர்ந்தால் பாற்குடம். ஆகவே பலகையில் ‘பாற்கோவா’ என்று இருந்தாக வேண்டும். பெருமாள் படுத்திருக்கும் கடலையே சாட்சிக்குக் கூப்பிட்டால் ஆண்டாள் ஊரில் எதிர்வாதம் செய்ய யாரால் முடியும்? கடைக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கால் கிலோவா, அரைக் கிலோவா?” என்றார். 2019இல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் ஊருக்கே பெருமை. அண்ணாச்சிக்கு மட்டும் துக்கம். ஒரு புணர்ச்சிப் பிழை அரசாங்கப் பதிவேட்டிலேயே ஏறிவிட்டதாம்.

தமிழில் இதற்கெல்லாம் ஒரு பரம்பரை உண்டு. பிழைபட்ட புலவனைக் குட்டுவதற்குப் பிள்ளைப்பாண்டியன், காதை அறுப்பதற்கு வில்லிபுத்தூரார், தலையையே வெட்டுவதற்கு ஒட்டக்கூத்தர் என்று கதை சொல்வார்கள். பாரதம் பாடிய வில்லிபுத்தூராருக்குப் பெயரில் மட்டும்தான் இந்த வில்லிபுத்தூர். பிறந்தது திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர். வாதில் தோற்றவன் காதைத் துறட்டியால் இழுத்துவிடுவாராம். ஆனால் தோற்றால் தன் காதும் போகும் என்று ஒப்புக்கொண்டே உட்கார்ந்த மனிதர் அவர். அருணகிரிநாதர் அவரை ஜெயித்தும் காதை விட்டுவிட்டதால்தான் ‘கருணைக்கு அருணகிரி’ என்ற பெயர். ஒற்று அண்ணாச்சிக்குத் தன் காதைப் பந்தயம் வைக்கும் பழக்கம் கிடையாது.

அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; வயிற்றெரிச்சலே அதனால்தான். சிவகாசி அச்சகங்களில் மெய்ப்புப் பார்க்கிறவர்களும் இதே ‘ப்’பைத்தான் பிடிக்கிறார்கள். ஆனால் அச்சேறுவதற்கு முன்னால், ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, இன்னார் பிழை என்று யாருக்கும் தெரியாமல். “அண்ணாச்சி, அடிக்கிறதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்துக் குடுங்களேன்” என்று போய் நின்றால், “அதுக்கெல்லாம் நேரம் ஏது தம்பி?” என்பார்.

பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் இறந்தபோது ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ‘மறைவிற்க்கு’ என்றிருந்தது. ‘ற்’ பக்கத்தில் இன்னொரு ஒற்று நிற்காது, உண்மைதான். அதைக் கொள்ளிச்சட்டியோடு நின்ற மகனிடமா சொல்வது? அந்தப் பையன் “சரிங்கய்யா” என்று தலையாட்டினான். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஜவகர் மைதானத்துப் பக்கம் அவரோடு நடந்தேன். யாரோ ஒரு தலைவர் வருகிறார் என்று பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கைகூப்பிய படத்துக்குக் கீழே ஆளுயரத்துக்கு எழுத்து: ‘வரவேற்க்கிறோம்’. கீழே நாலைந்து கரைவேட்டிகள் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தன.

“அண்ணாச்சி, ‘ற்’ பக்கத்துல ‘க்’ நிக்குதே?”

“கண்ணாடிய வீட்ல வச்சுட்டு வந்துட்டேன் தம்பி” என்றார், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் தள்ளியபடி.