பானெட்டைத் திறக்காத மெக்கானிக்

நாட்டிலேயே பெரிய டியூனிங் கடை டெல்லியில் இருக்கிறது. போர்டு கிடையாது, ஜாக் கிடையாது, ஸ்பேனர் கிடையாது. கையில் கிரீஸ் படிந்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது. ஆனாலும் கோடிக்கணக்கான வண்டிகளுக்கு ஒரே வீச்சில் எரிபொருளை மாற்றிக் காட்டிய பெருமை அந்தக் கடைக்கு மட்டுமே உண்டு. வண்டியை அங்கே கொண்டுபோய் விட வேண்டியதில்லை. வழக்கம்போலப் பங்கில் போய் நின்றால் போதும், வேலை முடிந்துவிடும். கேட்டால் நீங்கள் ஏதாவது பதில் சொல்லித் தொலைப்பீர்கள் என்பதால் கேட்கவும் மாட்டார்கள்.

இந்தச் சாதனையின் அருமை புரிய வேண்டுமானால், இதே வேலையைச் சின்னக் கடைக்காரர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பந்தயப் பித்துக்குப் பேர்போன கோயம்புத்தூரில், சாதாரண எஞ்சினுக்கு டர்போ மாட்ட ஆசைப்பட்டு ஓர் இளைஞர் போகிறார் என்று வையுங்கள். மெக்கானிக் டர்போவை அன்றே எடுத்து மாட்டிவிட மாட்டார். “காத்த ஏத்தி வுட்டா பெட்ரோலையும் ஏத்திக் குடுக்கோணுமுங்க தம்பி. இல்லீன்னா பிஸ்டன் ஓட்டையாயிருமுங்க” என்பார்.

இது முழுக் கணக்கு. அரை பார் அழுத்தத்தில் காற்றைத் திணித்தால் எஞ்சினுக்குள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று போகும். பெட்ரோலும் அதே விகிதத்தில் போகாவிட்டால் கலவை ‘லீன்’ ஆகிவிடும். நெருப்பு நேரந்தவறி வெடிக்கும், வெப்பம் ஏறும், பிஸ்டனின் தலை உருகும். அதனால் முதலில் இன்ஜெக்டர் நான்கையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் மாட்டுவார். கீழே நான்கு கண்ணாடிக் குழாய்கள். நிமிடத்துக்கு எத்தனை சிசி இறங்குகிறது, நான்கிலும் ஒரே மட்டம் நிற்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். ஒன்றில் மட்டம் குறைந்தால் அந்த சிலிண்டர்தான் முதலில் போகும் என்பது அவருக்குத் தெரியும். பிறகு டேங்குக்குள் பெரிய பம்ப், பூஸ்ட் ஏற ஏற அழுத்தத்தை ஏற்றும் ரெகுலேட்டர், புது ஹோஸ். சைலென்சர் பைப்பில் ஓட்டை போட்டு சென்சர் வைத்து, லேப்டாப்பில் கலவையைப் பார்த்துப் பார்த்து எஞ்சினின் கணினியான ஈசியூவுக்குப் புதுக் கணக்கு எழுதுவார். இத்தனைக்கும் முன்னால் ஒரு தாளில் செலவை எழுதி, “இவ்ளோ ஆகுமுங்க, சரிங்களா?” என்று கேட்டிருப்பார்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்யும் வேலைக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. இருக்கட்டும். ரோட்டில் போகிற நாலு பேரின் பாதுகாப்புக்காகத்தான் சட்டம். அதில் எனக்குச் சண்டை இல்லை.

டெல்லிக் கடையின் வேலைக்கு வருவோம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை, அதாவது இ20ஐ, 2030க்குள் கொண்டுவருவதாக 2018இல் சொன்னார்கள். பிறகு அவசரம் வந்து 2025-26 என்று முன்னுக்கு இழுத்தார்கள். 2022 ஜூனில் 10 சதவீதம். 2025இல் 20. குறித்த நாளுக்கு முன்பே முடித்துவிட்டோம் என்று மேடைதோறும் மார்தட்டினார்கள். பாலத்தையும் பள்ளிக்கூடத்தையும் குறித்த நாளில் முடித்துப் பழக்கமில்லாத நாட்டில், நம் டேங்க் விஷயத்தில் மட்டும் என்ன ஒரு சுறுசுறுப்பு!

எத்தனால் மட்டமான சரக்கில்லை. டர்போக்காரர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும், நேரந்தவறி வெடிக்கும் நாக்கிங் அடங்கும். அமெரிக்காவின் இண்டி கார் பந்தயங்கள் 2007இல் எத்தனாலுக்கே மாறின. ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு எத்தனால் கூடுதலாக ஊற்ற வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால் அதிலுள்ள சூடு பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் பந்தயக்காரர் முதலில் இன்ஜெக்டரை மாற்றுவார், பம்பை மாற்றுவார், ரப்பரை மாற்றுவார். எத்தனாலைக் கடைசியாக ஊற்றுவார். டெல்லி மெக்கானிக் அந்தக் கடைசி வேலையை முதலில் செய்தார். மற்றதெல்லாம் உங்கள் பாடு.

“இ20க்கு டியூன் செய்த வண்டியில் பிக்அப் நன்றாக இருக்கும்” என்று பெட்ரோலிய அமைச்சகம் அறிக்கை விட்டது. உண்மை. டியூன் செய்த வண்டியில் இருக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகுதான் இ20ஐத் தாங்கும் ரப்பரும் உலோகமும் புது வண்டிகளில் கட்டாயமாக வரத் தொடங்கின. அதற்கு முன்னால் வாங்கியவர் என்ன பாவம் செய்தார்? புது இன்ஜெக்ஷன் கார்களில் ஈசியூ ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ஆனால் 2020இல் பிஎஸ்-6 புகை விதி வருவதற்கு முன் விற்ற பைக்குகளில் பெரும்பாலானவை கார்ப்பரேட்டர் வண்டிகள். அதற்குள் இருப்பது ஒரு பித்தளை ஜெட், அதில் ஊசிமுனை ஓட்டை. அமைச்சகத்தின் செய்திக்குறிப்பைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அறிவு அந்த ஓட்டைக்குக் கிடையாது.

ஏதாவது ஒரு தெருமுனை ஒர்க்‌ஷாப்பில், பழைய பைக்கின் கார்ப்பரேட்டரை நியூஸ்பேப்பர் மேல் பிரித்துப் போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கிண்ணத்தின் கேஸ்கெட்டைக் கழற்றிவிட்டால் திரும்பப் பள்ளத்தில் உட்காராது. ஊறி, உப்பி, அளவு கூடிப்போயிருக்கும். கிண்ணத்தின் அடியில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். பழைய ரப்பரையும் உலோகத்தையும் எத்தனால் இப்படித்தான் செய்யும். மழைக்காலத்தில் இன்னொரு கூத்து. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். அளவுக்கு மீறித் தண்ணீர் சேர்ந்தால் இரண்டும் கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடிமட்டத்திலிருந்துதான்.

அமைச்சகமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது: சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டிவரலாம், செலவு குறைவு, சர்வீஸில் மாற்றிக்கொள்ளலாம். செலவு குறைவு என்றால் அரசே கொடுத்துவிடலாமே? அதைக் கேட்கக்கூடாது. செலவு அவர்களுக்கு என்றால் கோடிக்கணக்கில் பெருகும். நமக்கு என்றால் குறைவு.

மைலேஜ் கணக்கு இதைவிடச் சுவையானது. பழைய நான்கு சக்கர வண்டிகளுக்கு 6-7 சதவீதம், இருசக்கர வண்டிகளுக்கு 3-4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று 2021இல் எழுதியது எதிர்க்கட்சி இல்லை, அரசின் சொந்த நிதி ஆயோக். அதை ஈடுகட்ட வரிச்சலுகை கொடுங்கள் என்றும் அதே அறிக்கை சொன்னது. 6-7 என்பதை 2025இல் அமைச்சகம் 3-6 ஆக்கியது. நாலு வருடத்தில் வேதியியல் திருந்திவிட்டது போலிருக்கிறது. சலுகை எங்கே என்று கேட்டதற்கு, இப்போது எத்தனால் பெட்ரோலைவிட விலை கூடிவிட்டது, சராசரி கொள்முதல் விலையே லிட்டர் ரூ.71.32 என்று விளக்கம் வந்தது. ஆக, சூடு குறைந்த சரக்கை விலை கூடக் கொடுத்து வாங்கி நம் டேங்கில் ஊற்றியிருக்கிறார்கள். அதற்கு நாம் நன்றி வேறு சொல்ல வேண்டும்.

பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் நாளைக்கு 300 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறான் என்று வையுங்கள். நிதி ஆயோக் கணக்குப்படி 9 ரூபாயிலிருந்து 12 ரூபாய் வரை காற்றில் போகிறது. ஒரு டீக்காசு. எஞ்சின் நடுரோட்டில் வெடித்துச் சிதறும் என்று யாரும் பயப்பட வேண்டாம். வெடித்தால் செய்தியாவது வரும். தினம் ஒரு டீக்காசு சட்டைப்பையிலிருந்து போனால் எந்தச் சேனல் வரும்?

அந்நியச் செலாவணி ரூ.1.44 லட்சம் கோடி மிச்சம் என்று 2025இல் சொன்னார்கள். நல்லது. கரும்பு விவசாயிக்குப் பணம் போனது என்கிறார்கள். ரொம்ப நல்லது. அவர் கையில் காசு போய்ச் சேரட்டும். ஆனால் மிச்சம் பிடித்தவர் பெயர் மேடையில் வருகிறது, மிச்சத்துக்குக் காசு கொடுத்தவர் பெயர் எங்குமே வரவில்லை.

கேள்வி கேட்டால் பிரேசிலைப் பார் என்கிறார்கள். பார்த்துவிட்டேன். அங்கே 2003லிருந்தே எந்தக் கலவையிலும் ஓடும் வண்டிகள் விற்பனையில் இருக்கின்றன. பங்கில் எத்தனாலும் கலப்புப் பெட்ரோலும் தனித்தனி விலையில் கிடைக்கும். எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லாவிட்டால் பெட்ரோல் என்று சாதாரண டிரைவரே கணக்குப் போட்டு வாங்குவார். அங்கிருந்து சதவீதத்தை மட்டும் இறக்குமதி செய்தவர்கள், அந்த டிரைவரின் உரிமையைச் சுங்கச்சாவடியிலேயே நிறுத்திவிட்டார்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும், பங்கில் கலப்பின் அளவை எழுதி வைக்க வேண்டும் என்று ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2025 செப்டம்பர் 1 அன்று மனு தள்ளுபடியானது.

டெல்லிக் கடைக்காரர்களே, டர்போ மெக்கானிக் அளவுக்கு நீங்கள் உயர வேண்டாம். அவ்வளவு ஆசை எங்களுக்கு இல்லை. பஞ்சர் கடைக்காரர் அளவுக்கு இருங்கள். அவர்கூட டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் காட்டிவிட்டுத்தான் காசு கேட்கிறார். மேனுவலில் பத்து என்று போட்ட வண்டிக்குப் பத்து கிடைக்கட்டும். குறைந்த சூட்டுக்கு விலை குறையட்டும். உப்பிய கேஸ்கெட்டுக்கான பில், லிட்டருக்கு லிட்டர் வரி வாங்கும் உங்கள் மேஜைக்கு வரட்டும். அதுவரை எங்கள் எஞ்சினை வைத்து நீங்கள் நடத்துவது பரிசோதனை. அதில் எலிக்குக்கூடத் தீனி இலவசம். நாங்கள் லிட்டர் நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறோம்.