பூனைக்குப் பரிமாறுவது எப்படி?

ஆவடியிலிருந்து செங்குன்றம் போகும் சாலையில், வெள்ளானூரை ஒட்டி மனை வாங்கி, வீடு கட்டி, கிரகப்பிரவேசம் முடிந்த மறுவாரமே காம்பவுண்டு சுவரில் ஒரு பூனையைக் கண்டவர்களுக்காக எழுதப்பட்டது இந்த வழிகாட்டி. வீட்டுக் கடனுக்குப் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டீர்கள். பூனைக்கு எங்கேயும் போடவில்லை. ஆனாலும் வந்துவிட்டது. வந்ததோடு நிற்காமல், வைத்ததைத் தொடவும் மாட்டேன் என்கிறது. அம்பத்தூர், பூந்தமல்லிக்காரர்களும் இதைப் பயன்படுத்தலாம். பூனைகள் பின்கோடு பார்ப்பதில்லை.

அறிகுறிகள்

பூனை தட்டை முகர்கிறது. ஓரடி பின்வாங்குகிறது. உங்களை ஏற இறங்கப் பார்க்கிறது. பிறகு தட்டைச் சுற்றியுள்ள டைல்ஸ் தரையை முன்னங்காலால் பிறாண்டி, இல்லாத மண்ணை அள்ளி, உங்கள் சமையலை மூடுகிறது. இதே சைகையை அது வேறொரு காரியத்துக்குப் பிறகும் செய்யும் என்பதால் சமைத்தவர் மனம் புண்படுவது இயற்கை. புண்பட வேண்டாம். மிஞ்சிய இரையின் வாசனை வெளியே போகாமல் மூடிவைப்பது அதன் காட்டு முன்னோர்களின் பழக்கம். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்றுதான் அதற்குப் பொருள். இந்த விளக்கத்தை உங்கள் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். நம்ப மாட்டார்.

இன்னொரு வகை உண்டு. பாக்கெட் உணவில் கிரேவியை மட்டும் நக்கிவிட்டு, கறித்துண்டுகளை வரிசையாக விட்டுவைக்கும். கல்யாணப் பந்தியில் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போகும் சித்தப்பாவை எப்படித் திருத்த முடியாதோ, அப்படித்தான் இதுவும். மேலே படியுங்கள்.

பால் விஷயம்

பூனை என்றால் பால் என்று நாம் என்றைக்கோ முடிவுகட்டிவிட்டோம். கம்பரே ராமாயணத்தின் அவையடக்கத்தில், பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிடலாம் என்று கிளம்பிய பூனையோடு தன்னை ஒப்பிடுகிறார். அவ்வளவு பெரிய கவிஞர் சொன்ன பிறகு ஆவின் பாக்கெட்டைக் கத்தரிக்காமல் இருக்க முடியுமா? நீலத்தில் 3 சதவீதக் கொழுப்பு, அது மதிக்காது. ஆரஞ்சில் 6 சதவீதம், அதைக் கொஞ்சம் மதிக்கும். மறுநாள் காலை விளைவு உங்கள் புது மிதியடியில் இருக்கும். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. காரணம் அவ்வளவுதான்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவன் தெனாலி ராமன் ஒருவன்தான். கிருஷ்ணதேவராயர் ஊரில் எலித்தொல்லை தீர வீட்டுக்கொரு பூனையும், அதற்குப் பால் கொடுக்க ஒரு பசுவும் தந்தார் என்பது கதை. ஊரார் பூனைகளெல்லாம் கொழுத்தன. ராமன் கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்தான்; வாய் வெந்த பூனை அதற்குப் பிறகு பாலைக் கண்டாலே ஓடியது. பாலையெல்லாம் ராமன் வீட்டார் குடித்தார்கள். செய்த முறைக்கு அவன்மேல் மிருகவதைச் சட்டம் பாயும். பால் பூனைக்கு வேண்டியதில்லை என்ற தீர்ப்பு மட்டும் சரி.

கேசரி, ரவா லட்டு என்று ஆசை காட்டியும் பயனில்லை. பூனைக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பியைச் செய்ய இரண்டு மரபணுக்கள் வேண்டும். அதில் ஒன்று பூனைக் குடும்பத்தில் பழுதடைந்துவிட்டது என்று பிலடெல்பியாவின் மோனெல் மையத்தார் 2005இல் கண்டறிந்தார்கள். புலிக்கும் அதே கதி. வண்டலூர்ப் புலி இதுவரை லட்டு கேட்டதாகச் செய்தி இல்லை. ஐஸ்கிரீமை நக்கும் பூனை கொழுப்புக்காக நக்குகிறது.

அக்கம்பக்கத்து விசாரணை

சமையலை மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் இது. நம் பக்கத்தில் பெரும்பாலும் யாரும் இதைச் செய்வதில்லை.

தனி வீடு, பக்கத்தில் காலி மனை, அதற்கப்பால் இன்னொரு தனி வீடு என்று இருக்கும் தெருவில் பூனைக்குச் சுவர்தான் சாலை. காலை ஆறு மணிக்கு அது டாங்கித் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற பெரியவர் வீட்டில் இருக்கும். அவருக்குக் கொழுப்பு கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் அவித்த முட்டையில் மஞ்சள் கரு மிஞ்சும். ஒன்பது மணிக்கு, வாடகைக்கு மாடி எடுத்திருக்கும் என்ஜினியரிங் கல்லூரிப் பையன்களின் அறையில் ஆம்லெட். பன்னிரண்டு மணிக்கு மூலை வீட்டில் மீன் கழுவும் சத்தம் கேட்கும், அது அழைப்பு. மூன்று மணிவரை காலி மனைக் கருவேலமர நிழலில் உறக்கம். நான்கு மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் வந்து, பிறந்ததிலிருந்து சோறே காணாத குரலில் கத்தும். நீங்கள் பதறிப்போய்த் தயிர்சாதம் வைக்கிறீர்கள். அது முகர்ந்து பார்த்து மூடுகிறது. "பிகு பண்ணுது" என்கிறீர்கள். பிகுவுமில்லை, ஒன்றுமில்லை. வயிறு நிறைந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் அது மிட்டு. பெரியவர் வீட்டில் ராஜா. அது பெண் என்பதை அவர் கவனிக்கவில்லை. மாடியில் தல. மூலை வீட்டில் அதற்குப் பெயர் வைக்கவில்லை, "ஏய்" என்றால் வரும். இந்த வீட்டைத்தான் அது அதிகம் மதிக்கிறது.

பூனைக்கு மணி கட்டுவது எலிகளின் கவலை. நீங்கள் சீட்டு கட்டுங்கள். இழுத்தால் அறுந்துவிடும்படி லேசான நூலில், ஒரு துண்டுத் தாளை அதன் கழுத்தில் கட்டி, "இந்தப் பூனை உங்கள் வீட்டில் சாப்பிடுகிறதா?" என்று எழுதி அனுப்ப வேண்டும். சாயங்காலம் பதில் இப்படி வரக்கூடும்: "ஆமாம். மஞ்சள் கரு மட்டும். நீங்கள் யார்?" அடியில் வேறு கையெழுத்தில்: "ப்ரோ, இது எங்க தல."

இதன் பிறகு சுவரோரப் பேச்சுவார்த்தை தவிர்க்க முடியாதது. மரியாதையோடு ஆரம்பியுங்கள்.

"ஏங்க்கா, எங்க பூனைக்கு மத்தியானம் நீங்களா மீன் போடறது?"

"உங்க பூனையா? ஏம்மா, நீங்க அஸ்திவாரம் தோண்டுறப்பவே அது இங்கதான குட்டி போட்டுச்சு!"

யார் பூனை என்ற வழக்கை அங்கேயே விட்டுவிட்டு, யார் எந்த வேளைக்கு என்பதை மட்டும் பேசி முடித்துக்கொள்வது நல்லது. நிலப் பத்திரத்தில் வில்லங்கம் பார்த்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். இதில் மூலப் பத்திரமே கிடையாது.

மீன்

மீன்காரம்மாவின் அன்னக்கூடைக்கு முன்னால் பூனையின் பெயரைச் சொல்லாதீர்கள். சொன்னால் இரண்டு விளைவு. ஒன்று, "பூனைக்கா? அதுக்கு இன்னாத்துக்கும்மா வஞ்சிரம்? காரப்பொடி எடுத்துக்கோ" என்ற நல்ல அறிவுரை. இரண்டு, உங்கள் வீட்டுக்காரர் அன்று இரவு தட்டில் காரப்பொடியைப் பார்த்து, "பூனைக்கு வாங்கினதா?" என்று கேட்பது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. விலை ஏறும். ஏரி மீனுக்கு மாறுவோம் என்று நீங்கள் ஜிலேபியும் கெண்டையும் வாங்குவீர்கள். நெத்திலிக்குப் பழகிய பூனை கெண்டையை விசாரணைக் கமிஷன் வைத்துப் பார்க்கும். குட்டியில் தாயோடு தின்ற சுவையைப் பூனை லேசில் விடாது. புதிய வாசனை என்றால் முதலில் சந்தேகம்தான்.

எதுவானாலும் வேகவைத்துக் கொடுங்கள். கெண்டை உட்படப் பல மீன்களில், பச்சையாகத் தின்றால் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு. வெந்தால் அது போய்விடும். உப்பு வேண்டாம், முள்ளை எடுத்துவிட வேண்டும். மீன் குழம்புத் துண்டைக் கழுவிக் கொடுத்தால் போதும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் சமாதானம். போதாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அந்தச் சாறு துண்டுக்குள் இறங்கியிருக்கும். கருவாடு வாசனைக்காகப் பூனை உயிரையே விடும். அவ்வளவு உப்பைத் தின்றால் நிஜமாகவே விடக்கூடும்.

இனி ஒரு ரகசியம். நீங்கள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைப்பதை அது தொடாததற்குக் காரணம் பெரும்பாலும் குளிர். பூனை மூக்கால் சாப்பிடும் பிராணி. ஆறிப்போனதில் வாசனை எழாது. அப்போது பிடித்த எலியின் சூடு ஏறத்தாழ நம் உடம்புச் சூடுதான். அந்த அளவுக்கு, விரலில் வெதுவெதுப்பாக, சூடுபடுத்தினால் நேற்றுத் தள்ளியதை இன்று தின்னும். சூரை மீன்மேல் பூனைகளுக்கு ஏன் அப்படி வெறி என்றும் 2023இல் ஆராய்ந்திருக்கிறார்கள். நாம் கறிக்குழம்பிலும் காளானிலும் உணரும் அந்த உமாமி சுவையைப் பூனை நாக்கும் உணர்கிறது; அதைத் தூண்டும் பொருள்கள் சூரையில் தாராளம். காரப்பொடிக்கும் வஞ்சிரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்குத் தெரிந்ததைவிட அதற்கு நன்றாகவே தெரியும்.

புரட்டாசி

வருடத்தின் கடினமான மாதம். வீட்டில் கவுச்சி கிடையாது, மீன்காரம்மா தெருவுக்கே வருவதில்லை, பூனைக்கும் சேர்த்துப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாயிற்று. பூனை அந்த வேண்டுதலில் கலந்துகொள்ளவில்லை.

"ஒரு மாசம் தயிர்சாதம் சாப்பிட்டா குறைஞ்சா போயிடும்?" என்று பாட்டி கேட்பார். மாதக்கணக்கில் அது மட்டுமே என்றால், குறைந்து போகும். டாரின் என்றொரு சத்தைப் பூனை உடம்பு தேவையான அளவுக்குத் தானே செய்துகொள்ளாது. மாமிசத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் விழித்திரை கெடும் என்று 1975இலும், இதயம் வீங்கித் தளரும் என்று 1987இலும் கண்டுபிடித்தார்கள். இதைப் பாட்டியிடம் அறிவியலாகச் சொல்ல வேண்டாம். "வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டா விரதத்துக்குப் பலன் கிடையாதாம்" என்று, யார் சொன்னது என்று சொல்லாமல் சொல்லிவிடுங்கள். தனி அடுப்பு, தனிச் சட்டி, பின்வாசல் என்று ஒப்பந்தம் முடியும். முட்டை வேகும் வாசனைக்குப் பின்வாசல் பக்கம் உங்கள் வீட்டுக்காரரும் வந்து நிற்பார். அவருக்கு இந்த வழிகாட்டியில் இடமில்லை.

பாக்கெட்

சின்ன பாக்கெட் வாங்கி வைத்தீர்கள், பாய்ந்து பாய்ந்து தின்றது. ஆகவே பெரிய மூட்டை வாங்கினீர்கள். ஆகவே நிறுத்திவிட்டது. இதற்கு மருந்தில்லை. உணவை மாற்றுவதானால் பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து ஒரு வாரம், பத்து நாளில் மாற்றுங்கள். தட்டு அகலமாக இருக்கட்டும், மணல் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒரேயடியாகக் குவிக்காமல் கொஞ்சமாகப் பலமுறை வையுங்கள். தன் போக்கில் விட்டால் பூனை ஒரு நாளில் பத்து முறைக்கு மேலும் வாய்வைக்கும்.

பட்டினி

மாமல்லபுரத்தில் பல்லவர்கள் 7ஆம் நூற்றாண்டில் செதுக்கிய பெரும்பாறையில் ஒரு பூனை இரண்டு காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. அந்தச் சிற்பம் முழுவதும் அர்ஜுனன் தபசா, பகீரதன் தபசா என்று இன்னும் வாதாடுகிறார்கள். பூனையைப் பற்றி வாதமே இல்லை. அதன் காலடியில் எலிகள் நிற்கின்றன.

அந்தப் பூனை நடித்தது. உங்கள் பூனை எந்த வீட்டிலும் எதையும் தொடாமல் ஒரு நாள் முழுக்கச் சுருண்டு கிடந்தால் அது நடிப்பில்லை. "பசிச்சா தானா துன்னும்" என்பது நாய்க்கு ஓரளவு பொருந்தும், பூனைக்குப் பொருந்தாது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதிலும் மஞ்சள் கருவில் கொழுத்த பூனையாக இருந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்த் தேங்கி உயிருக்கே வந்துவிடும். பல்வலி, வாய்ப்புண், மூக்கடைப்பு, சிறுநீரகக் கோளாறு என்று உண்ணாமைக்குக் காரணம் பல. காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு.

பக்கத்தில் கால்நடை மருத்துவர் இருந்தால் அன்றைக்கே அங்கே போகலாம். இல்லாவிட்டால் வேப்பேரி இருக்கிறது. அந்தக் கால்நடைக் கல்லூரி 1903இலிருந்து நம் ஊர் நோய்களைப் பார்த்து வருகிறது. மூடியில் காற்றுத் துளை போட்ட கூடை, ஒரு பழைய துண்டு, இரண்டும் போதும். தனியாகப் போகாதீர்கள். கடைசியாக என்ன தின்றது, எப்போது தின்றது என்று டாக்டர் கேட்பார். உங்களுக்குத் தெரிந்தது நாலு மணிக் கணக்கு மட்டும். பெரியவர், மாடிப் பையன்களில் ஒருவன், மூலை வீட்டு அக்கா என எல்லாரும் வரவேண்டும். ஓ.பி. சீட்டில் பூனையின் பெயர் என்ன எழுதுவது என்பதை ஆட்டோவிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கவுண்டரில் நின்று சண்டை போட்டால் பின்னால் ஆட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள்.