ஆறு சக்கரத்தில் ஒரு குடித்தனம்

டெட்ராய்ட் அருகிலிருந்து,
ஆடி 30

திருச்சி காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் எழுந்தருளியிருக்கும் மகா-ள-ஸ்ரீ அண்ணன் அவர்களுக்குத் தம்பி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது.

"கடன் வாங்கிக் கட்டின ஐந்து அறை வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு, பெண்டாட்டியையும் அழைத்துக்கொண்டு நடுரோட்டில் லாரியிலே போய்ப் படுப்பதற்கு உனக்கு என்னடா கேடு?" என்று தாங்கள் போனில் கேட்டபோது, சிக்னல் போய்விட்டதென்று நான் சொன்னது பொய். பதில் தெரியாமல்தான் வைத்துவிட்டேன். பதினைந்து நாள் பிரயாணம் முடிந்து, வண்டியை உடையவர்களிடம் ஒப்படைத்து, முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த அவகாசத்தில் சாவகாசமாகப் பதில் எழுதுகிறேன். அண்ணிக்கு வாசித்துக் காட்டவும். கழிவுநீர் வருகிற பகுதியை மட்டும் விட்டுவிட்டு வாசிக்கவும்.

முதலில் வாகன லக்ஷணம். 'கேம்பர்' என்று இங்கே வழங்கும் இந்த வண்டி, பெரம்பலூரிலிருந்து நம் மண்டிக்குச் சின்ன வெங்காயம் ஏற்றிவரும் லாரிக்கு இளைய சகோதரன். மூட்டை அடுக்க வேண்டிய இடத்தில் ஓர் அடுப்பு, ஒரு குளிர்ப்பெட்டி, எதிரெதிரே இருவர் உட்கார்ந்தால் முழங்கால்கள் சம்பாஷிக்கத் தொடங்கிவிடும்படியான ஒரு மேஜை, ஒரு ஸ்நான அறை. டிரைவர் தலைக்கு மேலே, நம் வீட்டில் பித்தளை அண்டாவைக் கவிழ்த்து வைக்கும் பரணைப்போன்ற ஓரிடத்தில் படுக்கை. அதில் ஏறிப் படுத்தவர் எழுந்து உட்கார முடியாது, உருண்டுதான் இறங்க வேண்டும். முப்பது வருஷமாகச் சண்டை போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துப் பழகிய எங்களுக்கு, திரும்புவதற்கே இடமில்லாத அந்தப் பரண், சண்டையைப் படுப்பதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டுமென்ற ஒரு நல்ல நியதியை ஏற்படுத்தியது.

போனது சுபீரியர் ஏரியைச் சுற்றிவர. ஏரி என்றதும் நம் உய்யக்கொண்டான் கால்வாயோரத்துக் குளங்குட்டைகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். பரப்பு 82,100 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாட்டில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் அதற்குள் அடங்கிவிடும். ஆழம், அதிகபட்சமாக, 1,333 அடி. நம் மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 273 அடி அல்லவா? அதைப்போல் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அந்த மடுவில் நிறுத்தினால், ஐந்தாவது மலையின் உச்சிப் பிள்ளையார் மட்டும் நீருக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டிருப்பார். சுற்றிவரும் சாலை சுமார் 1,300 மைல். நம் ஊரில் காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு போகின்றன. இங்கேயோ மனுஷர்தாம் ஜலத்தைச் சுற்றவேண்டியிருக்கிறது.

நான் போட்டிருந்த திட்டப்படி முதலில் கனடாப் பக்கம் ஏறி, மேற்கே போய், தெற்குக் கரையாகத் திரும்ப வேண்டும். தேசப் படத்தை விரித்துக் காட்டினேன். ஸ்ரீரங்கத்தில் பிறந்து, உத்தர வீதியும் சித்திரை வீதியும் சுற்றி வளர்ந்த என் சகதர்மிணி, படத்தின்மேல் விரலை ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது அப்பிரதக்ஷிணமாக அல்லவா இருக்கிறது?" என்றாள். ஏரிக்கு மூலஸ்தானம் எது, துவஜஸ்தம்பம் எது என்றெல்லாம் நான் தர்க்கித்தது வீணாயிற்று. இரண்டு மாதம் முன்பே பணம் கட்டிப் பதிவு செய்திருந்த ஒன்பது தங்குமிடங்களையும் ரத்து செய்து, தலைகீழாகப் பதிவு செய்து, ஏரி வலக்கைப் பக்கம் வரும்படி புறப்பட்டோம்.

வழியில் மாக்கினா பாலம். எழுதும்போது கடைசியில் ஒரு 'க்' உண்டு, உச்சரிக்கக் கூடாது. திருச்சிராப்பள்ளியை ட்ரிச்சினாபோலி ஆக்கியவர்களின் சொந்தக்காரர்கள் வந்து குடியேறிய தேசத்தில் நாம் இதைப்பற்றி முறையிட்டுப் பயனில்லை. 1957-ல் திறந்த பாலம். ஐந்து மைல் நீளம். அதன் ஸ்தம்பங்கள் நீர்மட்டத்துக்கு மேல் 552 அடி. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தின்மேல் இன்னொரு ராஜகோபுரத்தை ஏற்றி வைத்தாலும் அந்த உயரம் எட்டாது. நடுப்பாலத்தில் சாலை சுமார் 200 அடி உயரத்தில் போகிறது. உள்பக்கத்துத் தடம் வெறும் இரும்புச் சல்லடையாதலால், குனிந்து பார்த்தால் சக்கரத்தின் கீழே அலை தெரியும். ஓட்டப் பயப்படுகிறவர்களுக்குப் பாலத்து நிர்வாகமே ஆள் அனுப்பி வண்டியை ஓட்டித் தருகிறது என்பதைப் படித்துவிட்டு, அதைக் கூப்பிடலாமா என்று மெல்லக் கேட்டேன். "நாலு பேர் பார்த்தால் சிரிப்பார்கள்" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடிக்கொள்ளும் சௌகரியம் எனக்கு இல்லை.

அங்கிருந்து ஒயிட்ஃபிஷ் முனை. 1975 நவம்பர் 10-ஆம் தேதிப் புயலில், இரும்புத்தாது ஏற்றிச் சென்ற எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற கப்பல், 29 பேருடன் அந்தக் கரைக்குச் சில மைல் தூரத்தில் மூழ்கிப்போயிற்று. 1995-ல் மேலே கொண்டுவந்த அதன் மணியை அங்கே காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள். அதன்முன் நின்றபோது பேச்சு எழவில்லை. மத்தியானம்வரை சண்டையும் இல்லை.

சண்டை சாயங்காலந்தோறும் வந்தது, வண்டியைப் பின்னுக்குத் தள்ளி இடத்தில் நிறுத்தும் வேளையில். பின்னால் நின்று வழிகாட்டுவது அவள் பொறுப்பு. "இந்தப் பக்கம்" என்பாள். இருட்டில் எந்தப் பக்கமென்று தெரியாது. "கொஞ்சம்" என்பாள், அந்தக் கொஞ்சத்துக்கு அளவு கிடையாது. மூன்றாம் நாள் ஒரு பைன் மரத்தின் கிளையோடு எங்கள் வண்டியின் ஏணி சம்பந்தம் செய்துகொண்ட பிறகு, நம் மார்க்கெட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு லாரி கிளீனர்கள் போடும் சத்தத்தை அவளுக்கு முறையாக உபதேசித்தேன். அதன் பிறகு ஒரு குறையுமில்லை. மின்னசோட்டா மாகாணத்து வனாந்தரத்தில், அந்தி மயங்கும் நேரத்தில், பட்டுப்புடவைக்காரி ஒருத்தி வண்டியின் பின்பக்கத்தைத் தட்டி, "வா வா வா வா... ஹோல்டான்!" என்று கூவியதைக் கேட்டு, அக்கம்பக்கத்தார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

எல்லையில் கனடா அதிகாரி ஒருவர், உணவுப் பதார்த்தம் ஏதேனும் உண்டா என்று கேட்டார். நான் "கொஞ்சம்" என்றேன். சத்தியசந்தையான என் மனைவி ஜன்னல் வழியே தலையை நீட்டி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி, தனியாப் பொடி என்று வாய்ப்பாடாக ஒப்புவிக்கத் தொடங்கினாள். ஏழாவது பொடியில் அவர் கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார். ஐந்து பொடிகளை இன்னும் சொல்லாமலே எல்லை கடந்துவிட்டோமே என்று அவளுக்கு ராத்திரிவரை மனக்கிலேசம்.

ஆடிப் பதினெட்டு ஒன்டாரியோ மாகாணத்து வடகரையில் வந்தது. ஐந்து வகைச் சித்ரான்னமும் அந்த ஒற்றையடுப்பில் ஆயிற்று. பெருக்கே இல்லாத ஜலத்துக்குப் பதினெட்டாம் பெருக்கு எப்படி என்று கேட்டேன். "காவிரியில் தண்ணீர் வராத வருஷத்தில் அம்மா மண்டபத்தில் குழாய்த் தண்ணீரில் குளித்துக் கொண்டாடினோமே, அது மட்டும் எப்படி?" என்றாள். காதோலை கருகமணியை நீரில் விடச் சட்டம் இடம் தராதென்பதால், ஒரு கூழாங்கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டிட்டு, கும்பிட்டுவிட்டுக் கையோடு எடுத்துக்கொண்டோம். நான் முழுகினேன். இந்த ஏரியின் வருஷ சராசரி உஷ்ணம் 4 டிகிரிதான் என்று படித்திருந்தேன். ஆகஸ்டில் அது மாறியிருக்குமென்று நம்பியிருந்தேன். 'ரங்கா' என்று சொல்ல வாயைத் திறந்தேன். 'ர' மட்டுமே வெளிவந்தது. இந்த ஏரியில் சேர்ந்த நீர் வெளியேறுவதற்குச் சராசரி 191 வருஷம் ஆகுமாம். நான் கழுவிய மஞ்சள் எப்போது கடலைச் சேருமென்று தாங்களே கணக்குப் பண்ணிக்கொள்ளவும்.

அன்றிரவு அவள் தாளிப்பு வடகத்தைக் கிள்ளி எண்ணெயில் போட்டதும், அடுத்த வண்டியிலிருந்து கணவனும் மனைவியுமாக ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தார்கள். எழுபது வயது இருக்கும். வீட்டை விற்றுவிட்டு மூன்று வருஷமாக வண்டியிலேயே வாசமாம். நம் சாஸ்திரங்கள் விதித்த வானப்பிரஸ்தம் இதுதான் அண்ணா, அடுப்பும் குளிர்ப்பெட்டியும் கூடச் சேர்த்து! கரடி வருமாதலால் வெளியே உணவு வைக்கக் கூடாதென்று எழுதியிருந்த பலகையின் கீழே உட்கார்ந்து நால்வரும் வற்றல் குழம்பு சாப்பிட்டோம். கரடி வரவில்லை. வாசனைதான் தடுத்திருக்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் அபிப்பிராயம்.

அடுத்தது, அண்ணிக்கு விலக்கப்பட்ட பகுதி. வீடு கூடவே வருகிறதென்றால் வீட்டின் சாக்கடையும் கூடவே வருகிறது. பாத்திரம் கழுவியது சாம்பல் நீர். மற்றது கறுப்பு நீர். மூன்று நாளைக்கொரு தரம், ஆடவர்கள் எல்லாரும் கையுறையணிந்து, யானைத் துதிக்கைபோன்ற குழாயைத் தோளில் சுமந்து, ஒரு தொட்டியருகே வரிசையில் நிற்கிறார்கள். டாக்டரும் வக்கீலும் அங்கே பேதமின்றிச் சமமாகிறார்கள். கறுப்பு முதலில், சாம்பல் பிறகு என்பது கிரமம். கிரமம் தவறினால் குழாய் அலம்பப்படாது. நான் ஒரு தரம் தவறினேன். இதற்குமேல் அந்தப் பகுதியில் எழுதுவதற்கில்லை.

கடைசி மூன்று நாளில் வந்த ஊருக்குப் பெயரே வாவா! அவ்விடத்து ஓஜிப்வே மக்களின் பாஷையில் காட்டு வாத்தைக் குறிக்கும் சொல்லாம். ஊர் முகப்பில் 28 அடி உயரத்துக்கு வாத்து ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாற்பது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டேன். பலகை வைத்து என்னை 'வாவா' என்று அழைத்த ஊர் இது ஒன்றுதான். என் மனைவியோ பழக்கதோஷத்தால் இறங்கி வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

சூ என்ற ஊரில் கப்பல்கள் படியேறுவதைப் பார்த்தோம். அடுத்த ஹியூரன் ஏரியிலிருந்து சுபீரியருக்குப் போகும் கப்பல் இங்கே 21 அடி ஏறியாக வேண்டும். கதவிட்ட பெருந்தொட்டிக்குள் கப்பலை விட்டு, மேல் ஏரியின் நீரையே திறந்து நிரப்ப, ஆயிரம் அடி நீளக் கப்பல் பம்பு ஏதுமின்றிக் கூழில் மிதக்கும் மாம்பழம்போல் மேலே வந்துவிடுகிறது. நம் முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836-ல் மேலணையைத் தொடங்கினார். இங்கே அமெரிக்கக் கரையில் முதல் தொட்டி 1855-ல் வந்தது. அவர்கள் கப்பலை ஏற்றினார்கள், நமக்கு நெல்லை ஏற்றினார் காட்டன். எனக்கு நெல்தான் பெரிது.

இனித் தங்கள் கேள்வி. வாவாவுக்கு அப்பால் ஒரு நாள், மழையில், பரணில் படுத்துக்கொண்டு கூரைமேல் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது பதில் கிடைத்தது. பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. எனக்கு எட்டு வயது. மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற நாசிக் லாரியின் கேபின்மேல், சுருட்டி வைத்திருந்த தார்ப்பாயில் ஏறிப் படுத்தேன். கீழே டிரைவர் ஸ்டவ் மூட்டிச் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தார். சமைக்கவும் தூங்கவும் ஊர் ஊராய்ப் போகவும் ஒரே வண்டி. இதைக் காட்டிலும் பாக்கியம் உண்டோ என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன். லாரி நகர்ந்துவிட்டது. பால்பண்ணைவரை சைக்கிளில் துரத்தி வந்து, மறித்து, காதைப் பிடித்து இறக்கியது தாங்கள்தான். அன்றைக்குத் தாங்கள் விட்டிருந்தால், இந்தப் பதினைந்து நாள் வாடகை எனக்கு மிச்சமாயிருக்கும்.

அந்த எழுபது வயதுத் தம்பதிக்கு, கேட்டார்களே என்று, மிச்சமிருந்த வடகத்தையெல்லாம் என் மனைவி கொடுத்துவிட்டாள். இந்தப் பக்கம் யாரேனும் வருவதாயிருந்தால் அண்ணி உருட்டிய தாளிப்பு வடகம் இரண்டு கிலோ, நன்றாகக் காய்ந்ததாக, கொடுத்தனுப்பவும்.