தண்ணி நண்டும் நானும்

தூத்துக்குடியில் பிறந்து, அறுபதைத் தாண்டியும் நண்டு உடைக்கத் தெரியாத ஆண்பிள்ளை என்னைத் தவிர இன்னொருவர் இருந்தால், அவருக்குக் கைகொடுக்க ஆசை. எங்கள் வீட்டில் நண்டுக் குழம்பு வைத்தால், கொடுக்கை அம்மிக் குழவியால் தட்டிச் சதையை உருவி என் தட்டோரம் வைப்பது மனைவியின் வேலை. பேரன் தானே உடைத்துத் தின்றுகொள்வான். போதாக்குறைக்கு, கடைவாய்ப் பற்களுக்குத் தொப்பி மாட்டிவிட்ட டாக்டர், "நண்டு, முறுக்கு, கரும்பு மூணையும் மறந்துடுங்க சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதனால், ஓட்டோடு அப்படியே கடித்துத் தின்னும் நண்டு ஒன்று உண்டு என்று சிங்கப்பூரிலிருந்து மகன் சொன்னதும், கடவுள் என்னை மனத்தில் வைத்துப் படைத்த தனிப் பிராணி என்றே நம்பினேன்.

தனிப் பிராணியெல்லாம் இல்லை. எந்த நண்டானாலும் வளர வேண்டுமென்றால் ஓட்டைக் கழற்றியாக வேண்டும். உடம்பு வளரும், ஓடு வளராது. 'நண்டு கொழுத்தால் வளையில் இராது' என்று பெரியவர்கள் சொன்னது பாதிதான். கொழுத்த நண்டு ஓட்டிலும் இராது. தண்ணீரை இழுத்து உடம்பை உப்பவைத்து, முதுகோட்டின் பின்விளிம்பைப் பிளந்துகொண்டு பின்பக்கமாக வெளியே வரும். தலை தீபாவளிச் சட்டையை ஒரு வீராப்பில் மாட்டிவிட்டு, கழற்றுவதற்கு இரண்டு ஆள் வைத்து நான் பட்ட பாடுதான் அது. நண்டுக்கு உதவ ஆள் கிடையாது, கால் மட்டும் கொடுக்கோடு சேர்த்துப் பத்து. கண்ணின் உறை, செவுளின் உறை, இரைப்பைக்குள் இருக்கும் அரைவைப் பல் எல்லாம் பழைய ஓட்டோடு போய்விடும். பல்லுக்கு மேல் பல் இலவசம்! நான் கட்டிய பில்லை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

முதுகில் சிலுவை அடையாளம் கொண்ட சிலுவை நண்டும் இப்படித்தான். அது கழற்றினால் பழைய ஓட்டிலும் சிலுவை இருக்கும், புதியதிலும் இருக்கும். 1542-இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார், பிற்பாடு மொலுக்கஸ் தீவுகளின் கடலில் நழுவவிட்ட சிலுவையை ஒரு நண்டு கவ்விவந்து கொடுத்தது என்றும், முதுகு அடையாளம் அதற்குக் கிடைத்த பரிசு என்றும் கதை.

பெண் நண்டு கழற்றும் நாள் நெருங்கினால் ஆண் நண்டு அதைத் தன் அடியில் அணைத்துத் தூக்கிக்கொண்டே திரியுமாம். இணைசேர்ந்த பிறகும் ஓடு இறுகும்வரை காவல் நிற்குமாம். இதை வாசித்துக் காட்டியபோது மனைவி கேட்டாள்: "அதுக்கு கேஸ் சிலிண்டர் மாத்தத் தெரியுமான்னு போட்டிருக்கா? தெரிஞ்சிருக்கும்."

விஷயம் எல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது. கழற்றிய சில மணி நேரம்தான் ஓடு மெத்தென்று இருக்கும். அப்போதே தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டால் இறுகுவது நின்றுபோகும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நண்டுக்காரர்கள் கடைசித் துடுப்புக் காலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். ஓரத்துக் கோடு சிவந்திருந்தால் ஓரிரு நாளில் கழற்றிவிடும் என்று அர்த்தம். மியான்மரிலும் வியட்நாமிலும் சேற்று நண்டை ஆளுக்கொரு பெட்டியில் தனித்தனியாகப் போட்டு, இரவும் பகலும் சில மணிக்கு ஒருதரம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சேர்த்துப் போட்டால் ஓடு கழற்றியதைக் கூடப் பிறந்ததே தின்றுவிடும்.

அந்த நேரம் தப்பினால் வருவதுதான் எங்கள் ஊர் தண்ணி நண்டு. ஓடு இருக்கும், அமுக்கினால் உள்ளே போகும், உடைத்தால் சதைக்குப் பதில் தண்ணீர் வரும். இதற்கு மதிப்பே இல்லை. இதையே குளத்திலோ கூண்டிலோ விட்டு, கழிவு மீனும் சிப்பிச் சதையும் போட்டு மூன்று நான்கு வாரம் கொழுக்கவைத்தால் உயிரோடு சிங்கப்பூருக்கு விமானம் ஏறும். தூத்துக்குடியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் 1980-களிலேயே இதில் இறங்கியது. 1973-இல் சிப்பிக்குள் முத்து விளைவித்துக் காட்டியதும் இங்கேதான். ஆக, ஒரே நண்டு காலையில் பொன், மறுநாள் குப்பை, அடுத்த மாதம் மறுபடியும் பொன். நடுவில் இருக்கும் அந்தக் குப்பைப் பருவத்திலேயே நான் முப்பத்தைந்து வருடம் உத்தியோகம் பார்த்தேன் என்பது மனைவியின் கருத்து.

சிங்கப்பூர் போனபோது மகன் உறைந்த மெத்து நண்டுப் பாக்கெட் ஒன்று வாங்கிவந்தான். மனைவி பிரித்து, கட்டைவிரலால் முதுகை அமுக்கிப் பார்த்தாள். "தண்ணி நண்டுல்லா இது! இதுக்கா இத்தனை டாலர்?" ஆனாலும் கத்தரிக்கோலால் முகத்தை வெட்டி, ஓட்டின் இரு ஓரத்தையும் தூக்கிச் செவுளை உருவி, வயிற்று மடலைக் கிள்ளி எறிந்தாள். அரிசி மாவு, மிளகாய்த்தூள், உப்பில் புரட்டி எண்ணெயில் போட்டதும் வெடித்த வெடியில் நான் ஹாலுக்குப் போய்விட்டேன். உள்ளே அத்தனையும் தண்ணீர் அல்லவா?

கால் மொறுமொறு என்று நொறுங்கியது, அதில் வேறொன்றும் இல்லை. உடம்பைக் கடித்ததும் மெல்லிய தோல் அறுந்து, சூடான உப்புச் சாறு வழிந்தது. பின்னாலேயே நண்டுக்குள் இருக்கும் மஞ்சள் பசையின் லேசான கசப்பு. சதை நார் நாராக வராமல் நாக்கிலேயே கரைந்தது. ஓட்டைத் துப்புவதற்காக வாய் தானாகக் குவிந்தது, துப்ப ஒன்றுமில்லை. ருசிதான், மறுக்கமாட்டேன். ஆனால் புன்னைக்காயல் சேற்று நண்டின் கொடுக்குச் சதையில் இருக்கும் இனிப்பு இதில் இல்லை. குழம்பில் போட்டால் கரைந்தே போகும். இரண்டு நிமிடத்தில் தட்டு காலி. நண்டு என்றால் ஒரு மணி நேரம் எந்த வேலைக்கும் கூப்பிடமாட்டார்கள் என்ற சலுகையும் அதோடு காலி.

ஊருக்குத் திரும்பியதும் திரேஸ்புரத்தில் வழக்கமாக வாங்கும் அம்மாவிடம், மெத்து நண்டு கிடைத்தால் எடுத்துவைக்கச் சொன்னேன்.

"பூனைக்கா அண்ணாச்சி?"

விடுவேனா? சிங்கப்பூர் விலையை ரூபாயில் பெருக்கிச் சொன்னேன். அடுத்த முறை போனபோது ஐஸ்மேல் இரண்டு நண்டு தனியாகக் காத்திருந்தன. விலை நீலக்கால் நண்டைவிட அதிகம். மனைவி கட்டைவிரலை வைத்தாள்.

"இது மெத்து இல்ல, தண்ணி நண்டு. பூனைக்குன்னா பாதி விலைக்குக் குடுங்க."

"பூனைக்குத் தனி விலை கிடையாதுக்கா" என்றார் அந்த அம்மா, என்னைப் பார்த்துக்கொண்டே.