புள்ளி போச்சு, பூச்சி போகலை

கேள்வி: என் தங்கமீன் உடம்பெல்லாம் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். கடையில் தந்த மருந்தை ஊற்றினேன், மூன்றே நாளில் மறைந்தன. அடுத்த வாரமே இரண்டு மடங்காக வந்துவிட்டன. போலி மருந்தோ?
– வாசகர், திருச்சி

பதில்: பாவம், மருந்தைத் திட்டாதீர்கள். இந்தப் புள்ளிகளை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் இருக்கும்வரை மருந்து அதை அண்டாது. வயிறு நிறைந்ததும் தானே உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பெருகும். ‘குணமாகிவிட்டது’ என்று நீங்கள் கொண்டாடியது அதன் பிரசவ விடுப்பை!

அடுத்த மீனைத் தேடி நீந்திவரும் அந்தக் குஞ்சுகள்தான் மருந்துக்கும் உப்புக்கும் சாகும். எனவே புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது சிகிச்சையைத் தொடருங்கள். தண்ணீரை மெல்ல மெல்ல 28 டிகிரிக்கு ஏற்றினால் பூச்சியின் சுழற்சி வேகமாகும், சீக்கிரம் சிக்கும். சூடான நீரில் ஆக்ஸிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் நிற்கக் கூடாது. அடியில் சேரும் கசடை அடிக்கடி உறிஞ்சி எடுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் கழற்றிவிடுங்கள். நீங்கள் ஊற்றுவதையெல்லாம் மீனுக்கு முன்னால் அது குடித்துவிடும். புது மீன் வாங்கினால் சில வாரம் தனித் தொட்டியில் வையுங்கள்.

இன்னொன்று. வெள்ளைப் புள்ளிகள் செவுள் மூடியிலும் முன்துடுப்பு விளிம்பிலும் மட்டும் வந்தால் அது நோயே அல்ல. ஆண் தங்கமீன் இனப்பெருக்கத்துக்குத் தயார் என்று அர்த்தம். மருந்துக் கடைக்கு ஓடாமல் பெண் பாருங்கள்!